"டிஃபன் எப்படி சார் இருந்தது?"

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு மாம்பலத்தில் ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். குளிர் நாளில் மாவு சரியாகப் பொங்காது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று வந்த இட்லி விரலுக்கே வளைந்து கொடுக்கவில்லை. சாம்பார் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. இரண்டு இட்லியையும் முழுசாகச் சாப்பிட்டேன். கல்லாவில் பணம் கொடுக்கும்போது முதலாளி சிரித்துக்கொண்டே "டிஃபன் எப்படி சார் இருந்தது?" என்று கேட்டார். "சூப்பர்" என்றேன். தெருமுனை திரும்புவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன்: "அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க."

கேட்டவரிடம் பொய் சொல்லிவிட்டு, கேட்காத பதினேழு பேரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். சென்னை ஓட்டல்களில் மேஜையைத் தட்டிக் கத்துகிறவர்களைத்தான் நாம் நினைவில் வைத்திருப்போம். ஆனால் என்னைப் போல மென்று முழுங்கிவிட்டு வெளியே வந்து புலம்புகிறவர்கள்தான் அதிகம். நாகரிகம் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்கிறோம். அந்த முதலாளிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அடுத்து உட்கார்ந்தவருக்கும் அதே ஆறின சாம்பார்தான் போயிருக்கும்.

முக்கால் தோசைக்குப் பிறகு

குறை சொல்வதில் காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நேரம்தான். ரோஸ்ட் முறுகவில்லை என்பது முதல் விள்ளலிலேயே தெரிந்துவிடும். "போகட்டும், சாப்பிட்டுடலாம்" என்று ஆரம்பித்து, நடுவில் மனசு மாறி, கால் பங்கு மிஞ்சும்போது கூப்பிட்டால் சூப்பர்வைசரின் கண் முதலில் தட்டுக்குத்தான் போகும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், முகத்தில் தெரிந்துவிடும். அவர் மேலும் தப்பில்லை. தட்டில் தோசை இருக்கும் வரை அது அடுப்படி விஷயம். கல்லில் இன்னொன்று வார்த்தால் தீர்ந்தது. தட்டு காலியான பிறகு அது பணத் தகராறாகிவிடுகிறது.

இரண்டு மூன்று வாய்க்குள் சொல்லிவிடுங்கள். சொன்னதும் கையை எடுத்துவிடுங்கள். மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சப்ளையர் உள்ளே போனதும், பசி தாங்காமல் அந்தப் பழைய தோசையையே பிட்டுத் தின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டு "நல்லாவே இல்ல" என்றவரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டம் உண்டு. இலையில் பாதியை ஒதுக்கிவிட்டு, இலையை மடிக்காமல் எழுந்து போனால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிற கூட்டம். மதியம் ஒரு மணிக்கு, இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நிற்கும் மெஸ்ஸில், கிளீனர் இலையை எடுக்கும் வேகத்தை ஒருமுறை பாருங்கள். நம் மௌனப் போராட்டம் கூட்டுப் பொரியலோடு சேர்ந்து வாளிக்குள் போய்விடும்.

யாரைக் கூப்பிடுவது

ஓட்டலில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். குழம்பு, சாம்பார், பொரியல் எல்லாம் சரக்கு மாஸ்டர் பொறுப்பு. கல்லுக்கு முன்னால் நிற்பவர் தோசை மாஸ்டர். காபி, டீக்குத் தனி மாஸ்டர். நம்மிடம் வருகிற சப்ளையர் இவர்களில் யாரும் இல்லை. அவர் கையில் இருப்பது தட்டு மட்டும்தான். உப்பு கூடியதற்கு அவரைத் திட்டுவது, பரீட்சையில் தோற்றதற்குத் தபால்காரரைத் திட்டுவது மாதிரி.

ஆனால் சிலது சப்ளையர் கட்டத்தில் கெடுவதும் உண்டு. ரவா தோசை நல்ல உதாரணம். சல்லடை மாதிரி மெல்லிசாக வார்த்தது, மடித்துத் தட்டில் போட்டுக் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்தால் தன் ஆவியிலேயே நமுத்துவிடும். மாஸ்டர் நன்றாகத்தான் வார்த்திருப்பார். இதைத் தெரிந்துகொண்டால் "என்ன தோசை வார்க்கறீங்க?" என்று கேட்கத் தோன்றாது. "அண்ணே, இது நமுத்துப்போச்சு, இன்னொண்ணு சுடச்சுடக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டால் அவருக்கும் விஷயம் புரியும், அடுத்த தோசை கல்லிலிருந்து நேராக உங்கள் மேஜைக்கு வரும்.

கூப்பிடும் விதத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. விரலைச் சொடுக்குவது, டம்ளரால் மேஜையைத் தட்டுவது, "ஏய்", "டேய் தம்பி" எல்லாம் கூடவே கூடாது. அண்ணே, தம்பி, அக்கா, எது வாயில் வருகிறதோ அது. கூட மரியாதையாக "ங்க" சேர்த்துக்கொண்டால் போதும். கையைத் தூக்கிவிட்டு அவர் நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். காலை எட்டரைக்கு அவர் தலையில் ஆறு மேஜை ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது சென்னை ஓட்டல்களில் பரிமாறுகிற பையன்கள் பலர் பீகார், ஒடிசா, நேபாளம், வடகிழக்குப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். "சட்னி காரல் அடிக்குதுப்பா" என்றால் அவர்களுக்கு எப்படிப் புரியும்? புரியாதவரிடம் அதே வாக்கியத்தை இரண்டு மடங்கு சத்தத்தில் சொல்வது நம் ஊரில் ஒரு வியாதி. அவர் காதில் கோளாறு இல்லை. தட்டைக் காட்டி "சூப்பர்வைசர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அழைத்து வந்துவிடுவார்.

என்ன சொல்வது

"நல்லாவே இல்ல" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. என்ன குறை, என்ன வேண்டும், இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "சாம்பார் ஆறியிருக்கு, கொஞ்சம் சூடா ஊத்தறீங்களா?" "பொங்கல்ல உப்பு தூக்கலா இருக்கு, இதுக்குப் பதிலா இட்லி கொடுத்துடுங்க." இந்த மாதிரி. இதில் பழி இல்லை, கிண்டல் இல்லை, பொங்கலைப் போஸ்டர் ஒட்டும் பசையோடு ஒப்பிடவும் இல்லை. (அந்த ஒப்பீட்டை நான் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேஜை சிரித்தது. எனக்குக் கிடைத்தது அதே பொங்கல்தான்.)

"எங்க வீட்ல இப்படிப் பண்ணமாட்டோம்", "எதிர்க்கடையில எவ்ளோ நல்லா இருக்கும் தெரியுமா", இரண்டையும் விட்டுவிடுங்கள். உண்மையாகவே இருக்கலாம். அதைக் கேட்ட சூப்பர்வைசருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்: அது பிழையா, பாணியா? உடுப்பி வழியில் சமைக்கும் இடத்தில் சாம்பாரில் வெல்லம் இருக்கும். இனிக்கிறது என்று திருப்பி அனுப்பினால் மறுபடியும் அதே சாம்பார்தான் வரும். ஆந்திரா மெஸ்ஸில் காரம் என்று புகார் சொல்வதும் அப்படித்தான். அங்கே நெய்யும் தயிரும் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசி. பாசுமதி நீளம் இல்லையே என்று குறைப்பட்டால் குறை நம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. சித்திரை வெயிலில் மாவு சீக்கிரம் புளிக்கும் என்பதால் மாலை ஊத்தப்பத்தில் லேசான புளிப்பு வருவதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை வேறு கேட்கலாம், வேறு கடைக்கும் போகலாம். மாற்றித் தரச் சொல்லி நிற்பது மட்டும் நியாயமில்லை.

கெட்டுப்போயிருந்தால் கதையே வேறு

மயிலாப்பூரில் ஒரு சாயங்காலம். எனக்கு எதிரில் ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், தனியாக வந்து மெதுவடை வாங்கினார். தேங்காய்ச் சட்னியில் தொட்டு வாயருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். மோந்து பார்த்தார். சப்ளையரைக் கூப்பிட்டார், ஆனால் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, இந்தச் சட்னியைக் கொஞ்சம் மோந்து பாருங்கோ." பையன் குனிந்து மோந்தான். முகம் மாறியது. "வேற கொண்டுவரேன் தாத்தா" என்று கிண்ணத்தை எடுத்தான். "எனக்கு இருக்கட்டும்ப்பா, அந்த வாளியைப் பாருங்கோ" என்றார். ஒரு நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்து, சட்னி வாளியை உள்ளே எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, மேஜை மேஜையாகக் கிண்ணங்களை எடுக்க ஆரம்பித்தார். என் கிண்ணத்தையும். நான் அதில் ஏற்கெனவே அரை வடை சாப்பிட்டிருந்தேன்.

அரைத்த தேங்காய் சென்னை வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுப்போகும். ஊசிப்போன சட்னி, நூல் விடும் சாம்பார், உணவில் பூச்சி, இதெல்லாம் ருசி விவகாரம் இல்லை. இங்கே "பரவாயில்லைங்க" என்று சொல்வதுதான் தவறு. பூச்சியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஏற்க வேண்டாம். சபையைக் கூட்டவும் வேண்டாம். மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பில்லில் இருந்து அதை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டுவிடுவார்கள்.

மறுத்தால், பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தில் பில்லைக் கசக்கி எறிந்துவிட்டு வருவது எல்லாரும் செய்யும் தவறு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த 14 இலக்க உரிம எண் 2022 ஜனவரியிலிருந்து பில்லில் இருக்க வேண்டும் என்பது விதி. புகார் கொடுக்க அந்த எண்தான் முகவரி மாதிரி. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகலாம். பணத் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. புகார் கொடுப்பதாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். "உங்க லைசென்ஸையே தூக்கிடுவேன்" என்று மிரட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவதில் யாருக்கும் லாபமில்லை. "நான் யார் தெரியுமா?" என்ற கேள்வியும் வேண்டாம். சென்னையில் அதற்குப் பதில் சொல்லிப் பழகாத கல்லாவே கிடையாது.

பில் வரும்போது

சாப்பாடு பிடிக்கவில்லை என்று வரியைக் கழிக்கச் சொல்லி வாதாடுபவர்கள் உண்டு. சாதாரண ஓட்டலில் வசூலிக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போவது. மேலாளர் நினைத்தாலும் அதை மட்டும் தனியாகத் தள்ளுபடி செய்ய முடியாது. சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. டிஃபன் கடைகளில் அது பொதுவாக இருக்காது, மால்களிலும் பெரிய ஏசி ரெஸ்டாரண்ட்களிலும் பார்க்கலாம். வாடிக்கையாளரைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஆதரித்தது. "சர்வீஸ் சார்ஜை எடுத்துடுங்க" என்று தயங்காமல் சொல்லலாம், சாப்பாடு அமிர்தமாகவே இருந்தாலும். ஆனால் டிப்ஸ் வேறு விஷயம். சரக்கு மாஸ்டர் உப்பை அள்ளிப் போட்டதற்கு, மூன்று முறை சிரித்த முகத்தோடு தண்ணீர் ஊற்றிய பையனின் இருபது ரூபாயைப் பிடித்தம் செய்யாதீர்கள்.

இன்னொருவர் செலவில் சாப்பிடும்போது? வாயைத் திறக்காதீர்கள். "இந்தக் கடைக்கா கூட்டிட்டு வந்தீங்க?" என்ற ஒரு வரி ஒரு ட்ரீட்டையே கெடுத்துவிடும். நாமே அழைத்துப் போயிருந்தால் கைகழுவப் போகிற சாக்கில் எழுந்து போய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வரலாம். சம்பந்தி வீட்டார் எதிரில் பன்னீர் பட்டரைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் தட்டில் இருப்பதும் ருசிக்காமல் போகும்.

இரவு பதினொரு மணி ரிவ்யூ

மொபைல் கையில் இருப்பதால் ஒரு நட்சத்திரம் கொடுப்பது இப்போது மிக எளிது. ஓர் இரவு போகட்டும். காலையில் எழுதும்போது எந்த நாள், எந்த நேரம், எந்தப் பண்டம், சொன்னபோது என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். பரிமாறியவரின் போட்டோ, அவர் எந்த ஊர் என்ற ஆராய்ச்சி, இதெல்லாம் ரிவ்யூவில் எதற்கு?

முக்கியமாக, வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்ட கடையைக் குற்றவாளியாக்கி எழுதிவிடாதீர்கள். வெகுநேரம் வெளியில் கிடந்த சோற்றிலும் பண்டங்களிலும் சில கிருமிகள் விடும் நஞ்சு ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். சால்மோனெல்லா மாதிரியான கிருமி வேலையைக் காட்ட ஆறு மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். சனிக்கிழமை ராத்திரி வயிற்றுப்போக்குக்கு வியாழக்கிழமை வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த மீன்குழம்புகூடக் காரணமாக இருக்கலாம். அந்த மீன்குழம்புக்கு யாரும் ஒரு நட்சத்திரம் போடப் போவதில்லை.

ஆப்பில் வரவழைத்த சாப்பாடு ஊற்றிக்கொண்டு வந்தால், பெட்டியைப் பிரித்தவுடனே போட்டோ எடுத்து ஆப்பிலேயே புகார் போடுங்கள். மூன்று மாடி ஏறி வந்த பையனை வாசலில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். பார்சலைக் கட்டியது அவரில்லை.

காபியை மறந்துவிட்டேன். ஓட்டலில் மிகச் சுலபமாக மாற்றித் தருவது காபிதான், ஆனாலும் நாம் தவறாகத்தான் கேட்கிறோம். ஆறியிருக்கிறது என்றால் "சூடு பண்ணிக் கொடுங்க" என்கிறோம். பாலும் டிகாக்ஷனும் கலந்ததை மறுபடி சூடாக்கினால் கசப்பும் நாற்றமும்தான் மிஞ்சும். அதற்கும் ஒரு புகார் சொல்வோம். "புதுசா ஒண்ணு கலந்து கொடுங்க, டிகாக்ஷன் கொஞ்சம் தூக்கலா, சர்க்கரை தனியா" என்று டபராவில் ஆற்றுவதற்கு முன்பே, முதல் மடக்கிலேயே கேளுங்கள்.