வேலை போன பிறகு "உனக்கு ஒன்றும் வராது" என்றால்: நாங்கள் விடும் பிழைகள்

வேலை போய்விட்டது என்று கனடாவில் இருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லிப் பாருங்கள். "ஈ.ஐ.க்குப் போடவில்லையா? மறுத்தாலும் 30 நாளுக்குள் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமே" என்பார். ஈ.ஐ. என்பது அங்குள்ள வேலையின்மைக் காப்புறுதி, அங்கே அது சரி. இங்கே இலங்கையில் வேலை இழந்தவருக்கு மாதாமாதம் காசு தரும் வேலையின்மைக் காப்புறுதி இல்லை. அதனால் யாழ்ப்பாணத்தில் பலர், கேட்பதற்கே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டி வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.), பல வருடம் வேலை செய்ததற்கான பணிக்கொடை, நியாயமில்லாமல் நிறுத்தியிருந்தால் நட்டஈடு என்று கேட்க வேண்டியவை இருக்கின்றன. "இல்லை" என்று பதில் வந்தாலும் அதற்கு மேலே போக இடம் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை கையெழுத்தில்தான் நடக்கிறது. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நகரில் ஒரு புடவைக் கடையில் ஒன்பது வருடம் நின்றவர். "வியாபாரம் குறைஞ்சு போச்சு, பிள்ளை" என்று சொல்லி முதலாளி ஒரு என்வலப்பைக் கொடுத்தார். உள்ளே 25,000 ரூபாய். கூடவே ஒரு தாள். "எனது சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், எனக்குரிய கொடுப்பனவுகள் யாவும் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் டைப் அடித்திருந்தது. அக்கா வாசிக்கவில்லை. மரியாதைக்காகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

கணக்குப் பார்ப்போம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அக்காவின் கடைசிச் சம்பளம் 30,000. அப்படியென்றால் ஒன்பது வருடத்துக்கு 135,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும். தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. ஆனால் "யாவும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி பிறகு கழுத்தைப் பிடிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, இப்படிப்பட்ட இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். அந்தத் தாளை ஏன் அவ்வளவு அவசரமாக நீட்டினார்கள் என்பது இப்போது விளங்கும். "வீட்டில காட்டிப்போட்டு நாளைக்குத் தாறன்" என்று சொல்லி வாங்கி வாருங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்தது நாள் கடத்துவது. தைப்பொங்கலுக்குப் பார்ப்போம், சித்திரைக்குப் பார்ப்போம் என்று முதலாளி சொல்லச் சொல்ல நாங்களும் காத்திருப்போம். அநியாயமாக வேலையால் நிறுத்தப்பட்டவர், இப்படியான வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க இருப்பது வேலை போன திகதியிலிருந்து ஆறு மாதம். தொழில் அலுவலகத்தில் விசாரணை நடக்குதுதானே என்று நம்பியும் இருந்துவிடக் கூடாது. வேலை போன திகதியைக் கலண்டரில் எழுதி, ஆறாவது மாதத்தையும் சுற்றி வையுங்கள். 15 பேருக்குக் குறைவான சின்னக் கடை என்றாலும் நியாயசபைக்குப் போகலாம், பணிக்கொடையும் அங்கேயே கேட்கலாம்.

இரண்டு நிதிகளையும் ஒன்றென்று நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 32 வயதுத் தம்பி ஒருவர் சேமலாப நிதியைக் கேட்டுப் போனால் பொதுவாக மறுப்பார்கள், ஏனென்றால் வேலை போனது மட்டும் அதற்குப் போதாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வர வேண்டும். நிரந்தரமாக வெளிநாடு போவது, நிரந்தர இயலாமை, கல்யாணத்தால் வேலையை விடும் பெண்கள் என்று சில விலக்குகள் உண்டு. காசு அழியவில்லை, உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் முதலாளி 3 வீதம் கட்டும் நம்பிக்கை நிதியை வயது பாராமல், வேலையை விட்டதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஒன்றில் மறுத்தார்கள் என்று மற்றதைக் கேட்காமல் திரும்புபவர்கள் நிறையப் பேர்.

பெயர்ப் பிரச்சினை எங்கள் பக்கம் இன்னும் கூட. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, சம்பளப் பதிவில் முதலெழுத்து மட்டும், ஆங்கிலத்தில் ஒரு எழுத்து வித்தியாசம், பழைய அட்டை இலக்கம் ஒன்று, புது 12 இலக்கம் வேறொன்று. இதற்காகத் திருப்பி அனுப்பினால் அது மறுப்பு இல்லை, திருத்தம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க முடியுமா என்று அந்தக் கவுண்டரிலேயே கேளுங்கள்.

நியமனக் கடிதம் இல்லை, தற்காலிக வேலைதானே என்று ஒதுங்க வேண்டாம். நாட்கூலி ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும்: உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12. சம்பளம் வங்கியில் விழுந்த பதிவு, வட்ஸ்அப்பில் "நாளைக்கு வேளைக்கு வா" என்று வந்த செய்தி, கடைப் பெயர் போட்ட சேர்ட்டோடு எடுத்த படம், கூட நின்ற ஒருவரின் சாட்சி, எல்லாம் உதவும்.

உதவி கேட்கும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், பிரதியில் திகதியும் சீலும் வாங்குங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, "நான் முடிச்சுத் தாறன்" என்பவருக்குக் காசு கொடுக்கத் தேவையும் இல்லை. கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி கேட்கலாம், அது உங்கள் உரிமை. சட்டத்தரணிக்கு வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். நியாயசபையின் தீர்ப்பு பாதகமாக வந்தால் சட்டப் பிரச்சினை ஒன்றை வைத்து மேல் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்தான். அங்கே சட்டத்தரணியின் உதவி தேவைப்படும், ஆகவே தீர்ப்பு வந்த கிழமையே போய்க் கதையுங்கள்.