அயர்லாந்து ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடுகிறீர்களா?

வரைபடத்தில் உள்ள ஆங்கில எழுத்தை வைத்துப் பொருள் சொல்லிவிடாதீர்கள். ஐரிஷ் மொழிப் பெயர்களை ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதிவந்தார்கள்; 1824-இல் தொடங்கிய நில அளவை அந்த எழுத்து வடிவங்களை நிலைப்படுத்தியது. அப்படி எழுதியதில் வெவ்வேறு சொற்கள் ஒன்றாகிப்போயின.

'கில்' என்று தொடங்கினால் பெரும்பாலும் தேவாலயம்தான். கில்டேர் என்றால் 'கருவாலி மரத்துத் தேவாலயம்'. ஆனால் மேயோ மாவட்டத்துக் கில்டிமாவில் இருப்பது 'கொய்ல்ட்சே', அதாவது காடுகள். 'பாலி'யும் அப்படித்தான். பாலிமீனாவில் அது குடியிருப்பு. டோனகல் மாவட்டத்தின் பாலிஷானனிலோ ஆற்றைக் கடக்கும் ஆழமில்லாத துறையின் வாய்! ஊர்ப்பெயர்ச் சொற்களின் பட்டியலைப் பார்த்து 'பாலி என்றால் ஊர்' என்று மனப்பாடம் செய்தால் இங்கேதான் தப்பும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அயர்லாந்துக் குடியரசின் சாலைப் பலகைகளில் மேலே சாய்வெழுத்தில் இருப்பது ஐரிஷ் வடிவம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'லொகனிம்' என்ற இலவச அரசு இணையத் தரவுத்தளத்தில் தேடுங்கள். பழைய ஆவணங்களில் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டது என்பதும், பல ஊர்களுக்கு உச்சரிப்பு ஒலிப்பதிவும் அங்கே கிடைக்கும். இந்தப் பழைய வடிவங்களைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

டப்ளினுக்கு மட்டும் இந்த வழியில் போனால் குழப்பம் வரும். ஆங்கிலப் பெயர் 'கருங்குளம்' என்ற பொருளுள்ள ஐரிஷ் சொற்களிலிருந்து வந்தது. பலகையிலோ 'பால்யா ஆஹா கிலீயா', அதாவது 'தட்டிகள் பரப்பிய ஆற்றுத்துறையின் ஊர்'. இரண்டும் தனித்தனிப் பெயர்கள், ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல.