இரவு 10.40க்கு வந்த வாட்ஸ்அப்: வேலையிடத்தில் நம்மைத் தேய்க்கும் சின்ன விஷயங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

சம்பளம் ஏறவில்லை, போனஸ் குறைந்துவிட்டது என்பதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கவலை. நம்மைத் தேய்ப்பது தினமும் நடக்கிற சில்லறை விஷயங்கள்தான். சாப்பாட்டு நேரத்தில் வைக்கிற மீட்டிங், வணக்கம் சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காத மேலாளர், இப்படி. சில்லறை என்பதாலேயே யாரிடமும் சொல்லவும் மாட்டோம்.

சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கு அலுவலகத்தில் நான் இருந்தபோது, இரவு 10.40க்கு சூப்பர்வைசரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: "நாளைக்குக் காலையில வந்ததும் என்னைப் பாருங்க." காரணம் எதுவும் இல்லை. போன மாதக் கணக்கில் தப்பு விட்டேனா, சீட்டைக் கிழிக்கப் போகிறார்களா என்று இரண்டு மணி வரை புரண்டுவிட்டு, காலையில் போய் நின்றால், ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்!

சரி, என்ன செய்யலாம்? முதலில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். வீடு திரும்பும் எம்ஆர்டி ரயிலில், நின்றுகொண்டே என்றாலும், கைபேசியில் இரண்டு வரி போதும்: இன்று எப்போது மனசு லேசானது, எப்போது சுருங்கியது, பக்கத்தில் யார், மணி என்ன. "இன்று மோசம்" என்று மொத்தமாக எழுதினால் பிறகு ஒன்றும் விளங்காது. நல்லதையும் கட்டாயம் எழுதுங்கள். மூன்று மணிக்கு கோப்பிக்கடையில் நின்றபடி குடிக்கிற ஒரு தே சி கோசோங் (சர்க்கரை இல்லாத பால் தேநீர்)தான் என் பத்து வேலைநாளில் ஆறு நாளைக் காப்பாற்றியது என்று எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படித்து, திரும்பத் திரும்ப வருவது எது என்று பாருங்கள். பலருக்கு வேலை அதிகம் என்பதைவிட, அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்குப் பேச்சே இல்லை என்பதுதான் உறுத்தும். சுமையும் கூடி, முடிவெடுக்கும் உரிமையும் குறையும்போதுதான் மன அழுத்தம் அதிகம் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979லேயே எழுதிவிட்டார்.

இனி ஒன்றே ஒன்றை எடுங்கள். "எனக்கு மரியாதை வேணும்" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். நான் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, கூப்பிடும்போது எதுக்குன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்க, தூக்கம் போயிடுது." சிரித்துவிட்டார். அன்றிலிருந்து "சாவி விஷயம்" என்று தொடங்கித்தான் செய்தி வரும். ராத்திரி அனுப்புவதை மட்டும் அவர் விடவில்லை, நான் 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் சத்தத்தை அணைத்துவிட்டேன்.

நேரம்தான் பிரச்சினை என்றால், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அரை மணி தாமதமாக வரவேண்டும் என்பதுபோல, வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து தந்த முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளின்படி, தகுதிகாண் காலம் முடித்தவர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு முறைப்படி விண்ணப்பித்தால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். ஒத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று இல்லை, ஆனால் மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்.

ஓடி (ஓவர்டைம்) பார்த்தே களைத்துப் போகிறவர்கள் சம்பளச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உடலுழைப்பு ஊழியர் என்றால் மாத அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மேலாளர், நிர்வாகி அல்லாத மற்றவர்களுக்கு 2,600 வெள்ளி வரை இருந்தால், வாரம் 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை. அதற்கு மேல் போனால் குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியம், ஓடியும் பொதுவாக மாதம் 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

எழுதியதைப் படிக்கும்போது சுருங்கிய வரிகள் மட்டுமே இருந்து, தூக்கமும் பசியும் போயிருந்தால், இந்தச் சின்ன வைத்தியம் போதாது. 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். அலுவலகக் கைபேசி வேண்டாம், சொந்தக் கைபேசியிலிருந்தே அழையுங்கள்.