குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள ஒரு படம்

தினமும் வரையணும்னு ஆசை இருக்கு ஆனா நேரம் கிடைக்க மாட்டேங்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. நானும் ரொம்ப வருஷம் அதேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுவேன், ஞாயித்துக்கிழமை வந்தா துணி, கறி, விருந்தாளின்னு பொழுது போயிடும், வாட்டர்கலர் பாக்ஸ் பீரோ மேலயே தூசி பிடிச்சுக் கிடக்கும். அது மாறினது எப்போன்னா, வரையுறதுக்குன்னு தனியா நேரம் தேடுறதை விட்டுட்டு, காலையில பருப்புக்கு குக்கர் வைக்கிற நேரத்தோட அதைக் கட்டிப் போட்டப்போ தான். குக்கர் எப்படியும் தினம் வைக்கணும், அடுப்பை விட்டு ரொம்ப தூரம் போகவும் முடியாது, சும்மா நிக்கிற நேரம் தானே. குக்கர் வச்சதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துடுவேன். மூணு விசில் வரைக்கும் கோடு, அடுப்பை அணைச்சு பிரஷர் அடங்குற வரைக்கும் கலர். மொத்தமே இருபது நிமிஷம். முடியலன்னா அப்படியே விட்டுடுவேன், அதுவும் அன்னிக்குப் படம் தான்.

உங்களுக்குக் குக்கர் இல்லன்னா வேற ஒண்ணு இருக்கும். பிள்ளைய டியூஷன்ல விட்டுட்டு வெளிய காத்திருக்கிற நேரம், ஆபீஸ் பஸ் வர்ற வரைக்கும், ராத்திரி பால் காய்ச்சுற நேரம். எதுவா இருந்தாலும் சரி, ஏற்கனவே தினமும் தப்பாம நடக்குற ஒரு வேலையா இருக்கணும், அவ்வளவு தான். "காலையில ஆறு மணிக்கு வரைவேன்"னு கடிகாரத்தை நம்பினா ரெண்டு வாரம் கூட தாங்காது, என் அனுபவம் இது.

அடுத்தது, சாமான் எல்லாம் கைக்கு எட்டுற இடத்துல தொறந்தபடி இருக்கணும். பெட்டியைத் தேடி, பிரஷ் கழுவி, பேப்பர் எடுத்துன்னு அஞ்சு நிமிஷம் போச்சுன்னா அந்த அஞ்சு நிமிஷத்துலயே மனசு மாறிடும். என் சமையல்கட்டு ஜன்னல் திட்டுல ஒரு ட்ரே, அதுல கலர் டப்பா, ரெண்டு பிரஷ், ஒரு பேனா, பழைய வேட்டித் துணி ஒரு துண்டு, தண்ணிக்கு ரெண்டு டம்ளர். ஒரு டம்ளர் பிரஷ் கழுவ, இன்னொண்ணு நல்ல தண்ணி தொட்டு எடுக்க, இது ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க, மஞ்சள் கலர் அழுக்காத் தெரியுதுன்னா பாதி நேரம் தண்ணி தான் காரணம். வேட்டித் துணி ஏன்னா டிஷ்யூ பேப்பரை விட அது நல்லா ஈரம் இழுக்கும், துவைச்சு மறுபடி வச்சுக்கலாம்.

பேப்பர் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா எல்லாரும் தப்பு பண்ற இடம் இது தான். கலர்ல காசைக் கொட்டிட்டு பேப்பர்ல கஞ்சத்தனம் பண்ணுவாங்க. சாதாரண டிராயிங் நோட்டுல வாட்டர்கலர் அடிச்சா அப்பளம் மாதிரி நெளியும், கலர் மேல மிதக்காம உடனே உள்ள போயிடும், அப்புறம் எனக்கு வாட்டர்கலர் வராதுன்னு முடிவு கட்டிடுவாங்க. 300 ஜிஎஸ்எம் (அது பேப்பரோட கனம்) கோல்ட் பிரெஸ்டு, அதாவது லேசா சொரசொரப்பா இருக்கிற பேப்பர் முழு ஷீட்டா வாங்குங்க, 22க்கு 30 இன்ச் இருக்கும், முடிஞ்சா நூறு சதவீதம் காட்டன். காட்டன்ல ஈரம் கொஞ்ச நேரம் தங்கும், தப்பா அடிச்சதை ஈரப் பிரஷ்ஷால தொட்டு எடுக்கவும் முடியும். விலை கூட தான், ஆனா அந்த ஒரு ஷீட்டை நாலுக்கு நாலா மடிச்சு ஸ்கேல் வச்சுக் கிழிச்சா அஞ்சரைக்கு ஏழரை இன்ச்ல பதினாறு துண்டு வரும். ரெண்டு ஷீட் வாங்கினா முப்பத்தி ரெண்டு, ஒரு மாசம் ஓடிடும். கையில சின்னத் துண்டா இருக்குறப்போ பாழாக்கிடுவோமோங்கற பயமே வராது, நல்ல அட்டை போட்ட ஸ்கெட்ச்புக் வாங்கி முதல் பக்கத்தைத் தொடாமலே வச்சிருக்கிற ஆளுங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மாசக் கடைசியில அந்த முப்பது துண்டையும் ஜெராக்ஸ் கடையில குடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கலாம்.

ஒரு ஷீட்டுக்கு மேல வாங்கி வச்சா ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு மூடி வைங்க. பேப்பர் மேல பசை மாதிரி ஒரு பூச்சு இருக்கும், மழைக்காலத்து ஈரத்துல அது கெட்டுப் போனா அங்கங்க கலர் திட்டுத் திட்டா உறிஞ்சிடும். போன ஐப்பசியில எனக்கு நாலு ஷீட் அப்படிப் போச்சு, வானம் அடிச்சா தேமல் விழுந்த மாதிரி வந்துச்சு.

கலர் ஆறு போதும். லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செங்கல் பழுப்பு), கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரீன் ப்ளூ (லேசா ஊதா கலந்த நீலம்), தாலோ ப்ளூ (லேசா பச்சை கலந்த நீலம்). இருபத்தி நாலு கலர் பெட்டி வாங்கினா எந்தப் பச்சைன்னு தேடுறதுலயே விசில் வந்துடும். ஆறு வச்சு நீங்களே கலக்கிப் பாருங்க, லெமன் யெல்லோவும் தாலோ ப்ளூவும் சேர்ந்தா இளம் வாழை இலைப் பச்சை வரும், அதே ஓக்கரும் அல்ட்ராமரீனும் சேர்த்தா தூசி படிஞ்ச வேப்பமரம், பனை எல்லாம் வந்துடும். கருப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரீன்ல பர்ன்ட் சியன்னா கலந்தா அருமையான சாம்பல் கலர் கிடைக்கும், நீலம் கூட போட்டா மழை மேகம், சியன்னா கூட போட்டா நிழல் விழுந்த செங்கல் சுவர். டியூப் கலரை குட்டி பிளாஸ்டிக் மூடிகள்ல பிதுக்கி ரெண்டு நாள் காய விட்டு, பழைய ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒட்டிட்டா அதுவே டிராவல் பெட்டி. வாட்டர்கலர்ல ஒட்டுறதுக்குச் சேர்க்கிறது அரபிக் கோந்து, அதனால காஞ்சாலும் தண்ணி பட்டா திரும்பக் கரையும், ஒண்ணும் வீணாகாது.

தண்ணி எவ்வளவு கலர் எவ்வளவுன்னு கேப்பாங்க. நான் வச்சிருக்கிற கணக்கு இது: முதல் கோட்டிங் ரசம் மாதிரி, ரெண்டாவது சாம்பார் மாதிரி, கடைசியா ஜன்னல் ஓட்டை, நிழல், தலைமுடி மாதிரி இடத்துக்குத் துவையல் மாதிரி. முதல் கோட்டிங் பேப்பர் முழுக்கப் பரவலா, ரெண்டாவது பாதி இடத்துல, துவையல் தொட்டுக்கிற அளவு தான். இன்னொண்ணு, ஈரம் பளபளன்னு மின்னுற வரைக்கும் கலரைச் சேர்க்கலாம், அந்த மினுமினுப்பு போயி மங்கலா ஈரமா நிக்குற நேரத்துல மட்டும் தொடாதீங்க, தொட்டா காலிஃப்ளவர் பூத்த மாதிரி ஓரம் ஓரமா விரியும். திருச்சி வெயில்ல இந்த நேரம் ஒரு நிமிஷம் கூட இருக்காது, மழைக்காலத்துல பத்து நிமிஷம் ஆகும், அதனால ஊருக்கும் மாசத்துக்கும் ஏத்த மாதிரி கண்ணு பழகணும்.

பேனா வாங்குறப்போ தண்ணியில கரையாத இங்க் தானான்னு பாத்துக்குங்க. ஒரு கோடு போட்டு ஒரு நிமிஷம் விட்டு ஈர விரலால தேய்ச்சுப் பாத்தா தெரிஞ்சுடும். சாதா பால்பாயின்ட் பேனா கூட நல்லாத் தாங்கும், ஜெல் பேனா தான் நிறைய கரையும். மலைக்கோட்டையை ஒரு மணி நேரம் ஜெல் பேனால வரைஞ்சு, கலர் அடிச்ச ஒரே நிமிஷத்துல பாறை மொத்தமும் ஊதாவாப் போனதைப் பாத்துட்டு அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

என்ன வரையுறதுன்னு யோசிக்காதீங்க, யோசிச்சா அங்கேயே நின்னுடும். என் ஜன்னல்ல தெரியிறது பக்கத்து வீட்டு முருங்கை மரமும் அவங்க தண்ணி டேங்கும் தான். வருஷத்துல நூறு தடவையாவது அதையே வரைஞ்சிருப்பேன், அலுக்கல. பூ விட்டப்போ, கம்பளிப் பூச்சி வந்து மொட்டையா நின்னப்போ, காத்துல கிளை முறிஞ்சப்போன்னு அது மாறிக்கிட்டே இருக்கு. ஓரத்துல தேதி, நேரம், வெயிலா மூட்டமான்னு ஒரு வரி எழுதி வைங்க. இங்கிலாந்துல ஜான் கான்ஸ்டபிள்னு ஒரு ஓவியர் 1821, 1822ல வானத்து மேகங்களையே திரும்பத் திரும்ப வரைஞ்சு, படத்துக்குப் பின்பக்கத்துல தேதி, மணி, காத்து எந்தப் பக்கம்னு எழுதி வச்சிருக்கார். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா மறுநாள் ரெண்டு வரைஞ்சு ஈடு கட்டாதீங்க. கடன் சேருற மாதிரி தோண ஆரம்பிச்சா மொத்தமா விட்டுடுவோம். காய்ச்சல்ல படுத்திருந்தப்போ நான் மாத்திரை அட்டையை மட்டும் வரைஞ்சேன், அஞ்சு நிமிஷம்.

வெளியூர் போறப்போ பழக்கம் அறுந்து போறதுக்குக் காரணம், அங்க பெருசா ஏதாவது வரையணும்னு நினைக்கிறது தான். தஞ்சாவூர் பெரிய கோவிலுக்குப் போனா எல்லாரும் விமானத்தோட அடித்தட்டுல இருந்து ஒவ்வொரு நிலையா சிற்பத்தோட வரைய ஆரம்பிப்பாங்க, பதிமூணு நிலை, நாலாவது நிலை வர்றப்பவே பேப்பர் முடிஞ்சிருக்கும். முதல்ல மேல கலசத்துக்கு ஒரு புள்ளி, கீழ தரைக்கு ஒரு கோடு, ரெண்டு பக்கமும் சாய்வு, அவ்வளவு தான் போடணும். அப்புறம் கண்ணைச் சுருக்கிப் பாத்து வெயில் பக்கம் எது நிழல் பக்கம் எதுன்னு ரெண்டாப் பிரிச்சிடுங்க. வெயில் பக்கம் ஓக்கர்ல துளி சியன்னா ரசமா ஓட விட்டு, காஞ்சதும் நிழல் பக்கம் அல்ட்ராமரீன் சியன்னா சாம்பார். சிற்பம் எல்லாம் நிழல்ல நாலு துவையல் புள்ளி வச்சா போதும், பாக்குறவங்க கண்ணு மீதியைப் போட்டுக்கும். கோவில் கிழக்குப் பாத்தது, அதனால முன்பக்கம் வெயில் விழுறது காலையில தான், சாயங்காலம் போனா கோவிலைச் சுத்தி இருக்கிற திருச்சுற்று மாளிகையில (தூண் மண்டபம்) மேற்குப் பக்கமா உக்காருங்க. நடுப்பகல்ல போகவே போகாதீங்க, செருப்பில்லாம அந்தக் கல்தரையில கால் வைக்க முடியாது. ஓவியர் சில்பி ஆனந்த விகடன் பத்திரிகைக்காக கோவில் கோவிலாப் போயி உக்காந்து சிலைகளை வரைஞ்சார், அவர் போட்ட மாதிரி நகை ஒவ்வொண்ணும் வரணும்னா அது மணிக்கணக்குல உக்காந்து செய்யுற வேலை, தினசரிப் பழக்கத்துக்கு வேற அளவுகோல் வச்சுக்குங்க.

ரயில்ல வரையுறது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாட்டர் பிரஷ் ஒண்ணு இருந்தா டம்ளர் வேண்டாம், கைப்பிடியிலயே தண்ணி இருக்கும். ஆட்டத்துல கோடு நடுங்கத் தான் செய்யும், அதை அழிக்காதீங்க. பக்கத்துல இருக்குற மரம் ஓடிடும், தூரத்துல இருக்குறது மெதுவா நகரும், அதனால தூரத்துத் தொடுவானத்தை முதல்ல போட்டுட்டு, பக்கத்து மரத்தைப் பத்து மரத்துல இருந்து சேர்க்கணும், ஒரு மரத்துல தலை, அடுத்ததுல தண்டு. திருச்சியில இருந்து ராமேஸ்வரம் போறப்போ மானாமதுரை தாண்டி இப்படித்தான் பனை வரைஞ்சுக்கிட்டு இருந்தேன், எதிர் சீட்டுப் பாட்டி ரொம்ப நேரம் எட்டிப் பாத்துட்டு, "ஏ ஆத்தா, பனையா இது? காவோலையைக் காணோமே"ன்னாங்க. "அது எது பாட்டி?"ன்னேன். "கொண்டைக்குக் கீழ காஞ்சு தொங்குதுல்ல, அது இல்லாட்டி தென்னைம்பாக"ன்னு ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டினாங்க. அதுவரைக்கும் நான் அதைப் பாக்கவே இல்ல, பச்சை விசிறியை மட்டும் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். சியன்னால நாலு இழுப்பு கீழ இழுத்ததும் பனை ஆயிடுச்சு. யாராவது எட்டிப் பாத்தா நோட்டை மூடாதீங்கன்னு சொல்றது இதுக்காகத்தான். தூங்குறவங்களை வரைஞ்சா மட்டும் முகம் அடையாளம் தெரியாம வரைங்க.

விமானத்துல போனா கையில எடுத்துட்டுப் போற பையில காஞ்ச கலர் டப்பா வச்சுக்கலாம், வாட்டர் பிரஷ்ல தண்ணியைக் கொட்டிட்டு உள்ள போயி நிரப்பிக்குங்க, கட்டர் பிளேடு வேண்டாம்.

ஊர் திரும்பினதும் துணி மூட்டையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கலர் டப்பாவைத் தொறந்து ஃபேனுக்குக் கீழ ஒரு ராத்திரி வைங்க, ஈரத்தோட மூடி வச்சா ரெண்டு மூணு நாள்ல பூஞ்சை பிடிச்சுடும். காலையில அப்படியே ஜன்னல் திட்டு ட்ரேல வச்சுட்டு, குக்கரை வைங்க.