காட்டுத்தீயும் ஊர் வெளியேற்றமும்: ஒவ்வோர் ஊருக்கும் ஏற்ற திட்டத்தை வகுக்கும் முறை

காட்டுத்தீயின்போது ஊரைக் காலி செய்யத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்துச் சாலைகளைக் குறிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் போட வேண்டியது நேரக் கணக்கு. ஓர் ஊரில் 1,800 வண்டிகள் இருக்கின்றன, புகை சூழ்ந்த சாலையில் மணிக்கு 600 வண்டிகள்தான் செல்ல முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஊர் காலியாக 3 மணி நேரமும், செய்தி பரவி மக்கள் புறப்பட மேலும் 1 மணி நேரமும் ஆகும். ஆகவே தீ 4 மணி நேரத் தொலைவில் இருக்கும்போதே உத்தரவு பிறந்தாக வேண்டும். அந்தத் தொலைவை ஒரு மலைமுகடு, ஓர் ஓடை என்று கண்ணுக்குத் தெரியும் எல்லையாக முன்கூட்டியே குறித்து, தீ அதைத் தாண்டினால் யாரையும் கேட்காமல் உத்தரவிடும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் நாளும் உண்டு. கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரத்தில் மண்டலம் மண்டலமாக வெளியேற்றும் திட்டம் முன்பே இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 8 அன்று காலை 6.30 மணியளவில் மூண்ட தீ, பலத்த காற்றில் சுமார் 8 மணிக்கே ஊருக்குள் நுழைந்துவிட்டதால், எல்லா மண்டலங்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தன. அந்தத் தீயில் 85 பேர் இறந்தனர். எனவே வெளியேற நேரமில்லாதபோது ஒதுங்குவதற்கு விளையாட்டுத் திடல், பெரிய வாகன நிறுத்துமிடம் போன்ற எரியக்கூடியது எதுவும் இல்லாத வெட்டவெளிகளையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். இது கடைசி வழி மட்டுமே என்பதையும் மக்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வெளியேற ஒரே நெடுஞ்சாலை உள்ள நகரத்துக்குக் கனடாவின் ஃபோர்ட் மெக்மர்ரி நல்ல பாடம். 2016 மே மாதத்தில் அங்கிருந்து சுமார் 88,000 பேர் வெளியேறினர். தெற்கே போக முடியாத பலர் வடக்கே இருந்த எண்ணெய்த் தொழிலாளர் முகாம்களில் தங்கி, பின்னர் காவல்துறைப் பாதுகாப்புடன் அணிவகுத்துத் தெற்கே வந்தனர். வழியில் எரிபொருள் தீர்ந்து ஓரங்கட்டப்பட்ட வண்டிகளும் இருந்தன. இத்தகைய நகரத்தில் இரு திசைகளிலும் தங்குமிடம் பார்த்துவைப்பதும், எல்லாத் தடங்களையும் வெளிச்செல்லும் போக்குவரத்துக்கே திருப்பிவிடுவதும், சாலையோரம் எரிபொருள் லாரியை நிறுத்துவதும் முன்னேற்பாடாக இருக்க வேண்டும்.

முதியவர்கள் மிகுந்த சிதறிய சிற்றூர்களில் சாலையே ஆபத்தாகலாம். 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதித் தீயில் இறந்த 66 பேரில் பெரும்பாலோர் சாலைகளில், தப்பி ஓடும் வழியில் மாண்டவர்கள். மறு ஆண்டே அந்நாடு ஊருக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரையும் ஊருக்குள்ளேயே புகலிடத்தையும் ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. என் கருத்தில், இவ்வூர்களுக்கு வரைபடத்தைவிட ஒரு நோட்டுப் புத்தகம் முக்கியம். யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், அவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும், ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் தேவையா, வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, வண்டி ஓட்டுபவர் ஊரில் இல்லையென்றால் மாற்று ஆள் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் பொது உத்தரவுக்கு முந்தைய கட்டத்திலேயே புறப்பட வேண்டும்.

சுற்றுலாப் பயணிகளுக்கு வழியும் தெரியாது, உள்ளூர் எச்சரிக்கைப் பட்டியலில் அவர்களுடைய எண்ணும் இருக்காது. ஆகவே விடுதிகளும் முகாம்களும் எச்சரிக்கைச் சங்கிலியின் முதல் கண்ணிகளாக வேண்டும். 2018 ஜூலையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கிரேக்கத்தின் மாதி தீயில், குறுகிய தெருக்களும் வேலியிட்ட மனைகளும் கடலுக்குச் செல்லும் வழியை மறித்தன. கரையோர ஊர்கள் கடலுக்கு நடைபாதைகளைத் திறந்துவைப்பதோடு படகுக்காரர்களிடமும் முன்பே பேசிவைப்பது நல்லது.

கால்நடை வளர்ப்போர் விலங்குகளை விட்டுவர மனமின்றித் தாமதிப்பார்கள், அல்லது பாதி வழியில் திரும்புவார்கள். அவற்றுக்கு முதல் எச்சரிக்கையிலேயே வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். அது இயலாவிட்டால், புல் மேய்ந்து தீர்ந்த வெற்று வயலுக்கு ஓட்டி, வயல்களுக்கு இடையிலான உட்கதவுகளைத் திறந்துவிடலாம்.

எச்சரிக்கையைக் கைப்பேசியை மட்டும் நம்பி விடக்கூடாது. மின்சாரமும் கோபுரங்களும் முதலில் விழுவன. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனாவில் சைரன்கள் ஒலிக்கவில்லை, சாய்ந்த மின்கம்பங்கள் சாலைகளை அடைத்தன. சைரன், ஒலிபெருக்கி வண்டி, கதவைத் தட்டும் தன்னார்வலர் என மூன்றும் இருக்கட்டும். ஒத்திகையைப் பள்ளி நடக்கும் நாளில் ஒருமுறையேனும் நடத்த வேண்டும், ஏனெனில் பிள்ளைகளை அழைத்துவர எதிர்த்திசையில் விரையும் பெற்றோரின் வண்டிகள் எந்தச் சந்திப்பை அடைக்கும் என்பது அன்றுதான் தெரியவரும்.