முடி சிலிர்க்கட்டும் என்று நிற்காதீர்கள்: மின்னல் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

1975 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மோரோ ராக் பாறையுச்சியில் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் அடிக்கடி சுற்றும். தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க, இரண்டு பையன்கள் சிரிக்கிறார்கள். சற்று நேரத்தில் அங்கே மின்னல் இறங்கியது.

அதைப் பார்த்துவிட்டு, "முடி சிலிர்த்தால் ஓடிவிடலாம்" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சிலிர்த்தால் ஓட வேண்டியதுதான், சரி. ஆனால் சிலிர்க்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. வெயில் நாளில் தரையருகே மின்புலம், அதாவது காற்றில் உயரத்தோடு மின்னழுத்தம் மாறும் அளவு, மீட்டருக்கு சுமார் 100 வோல்ட். இடிமேகம் தலைக்கு மேலே வந்தால் அது பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும். முடி எழுவதும், கூரான கம்பி முனை 'உஸ்' என்று இரைவதும் அதனால்தான். மின்னல் விழாமலே அது அடங்கியும் போகலாம்.

மின்னல் இறங்கப்போவதைக் காட்டும் சமிக்ஞை வேறு. மேகத்துக்குள் சில மின்துடிப்புகள் கிளம்பும். பிறகு ஒரு கீற்று சுமார் 50 மீட்டர் பாயும், நொடியில் லட்சத்தில் சில பங்கு நிற்கும், மறுபடி பாயும். 'ஸ்டெப்டு லீடர்' என்பார்கள். 1930களில் தென்னாப்பிரிக்காவில் இயற்பியலாளர் ஷோன்லாந்தின் குழுவினர் இதைத் தனி வகைக் கேமராவால் படம்பிடித்தார்கள். அது தரையைத் தொட ஆகும் நேரத்தில் கண்ணைக்கூட இமைத்து முடிக்க முடியாது. இதில் உணர்ந்து தப்பிப்பது எங்கே?

"பக்கத்துப் பனைமரம் வாங்கிக்கொள்ளும்" என்று அதனடியில் ஒதுங்குவதும் இதே ரகம். கீற்று நெருங்கும்போது மரம், கம்பம், நிற்கும் ஆள் என்று பலவற்றிலிருந்தும் எதிர்க்கீற்றுகள் மேலே எழும். பெரும்பாலும் ஒன்றுதான் போய் இணையும். இணையாததும் ஆளைக் கொல்லும். மரத்தில் விழுந்தது பக்கவாட்டில் தாவும், தரை வழியாகக் காலிலும் ஏறும்.

கருவி இருக்கிறதே என்பார்கள். அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் மின்புலத்தை அளக்கும் மின்புலமானிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். 1969 நவம்பர் 14 அன்று அங்கிருந்து நிலவுக்குப் போன அப்பல்லோ 12 ராக்கெட்டை, கிளம்பிய முதல் நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது; அந்த மின்னலைத் தூண்டியதே ராக்கெட்தான். மின்புலமானி சொல்வது "மேகம் தயார்" என்பதை மட்டும். எந்த இடத்தில், எந்த நொடியில் என்று சொல்லாது. புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலை எச்சரிக்கும், கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒலிக்கவில்லை என்று வயலில் நிற்காதீர்கள்.

இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள், உங்கள் தலைக்கு மேல் மழை பெய்யாவிட்டாலும். குத்தவைத்து உட்கார்ந்து சமாளிக்கப் பார்க்காமல் கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரை உள்ள காருக்குள்ளோ போங்கள். ஓலைக் கொட்டகையும் திறந்த பஸ் நிழற்குடையும் கணக்கில் சேராது. அப்புறம், மழை விட்டதுமே கிளம்பாதீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் உள்ளேயே இருங்கள்.