கறுப்பு மணலில் தெரியாத உப்புநீர்

கடலோரக் கிணறு ஏன் உப்பாகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, கண்ணாடித் தொட்டியில் மணல் நிரப்பினேன். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட் என்ற கருநிறக் கனிமம் இருப்பதால் கறுப்பு. உப்புநீரை அடையாளம் காட்டக் கலந்த சிவப்புச் சாயம் அதில் கண்ணுக்கே தெரியவில்லை. சரி என்று மீன்தொட்டிக்கு விற்கும் வெள்ளைக் கல்லை வாங்கிப் போட்டேன். ஒரு பக்கம் நல்ல தண்ணீர். மறுபக்கம் லிட்டருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த சிவப்பு நீர், கடல்நீரில் இருக்கும் அளவு. நடுவில் அடியில் ஓட்டை போட்ட குழாய்தான் கிணறு. உப்புநீர் கனம் கூடியது, அதனால் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்தது. அப்புறம் சிரிஞ்சால் கிணற்றை இறைக்க இறைக்க, சிவப்பு மேலேறி வந்தது. மோட்டார் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சும் ஊரின் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது.

"மழை பெய்தா மாறுமா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல நீர்ப் பக்கம் பூவாளியால் ஊற்றச் சொன்னேன். சிவப்பு மெல்லப் பின்வாங்கியது.